சிக்கனம் உம்மாவுக்கு மட்டும்தானா?

உயர்தர வர்த்தகப் பிரிவில் சேர்ந்த பிறகு கணக்கீட்டுப் பாடத்தில் காசேட்டை மறுபடியும் படித்தோம். வரும் காசு ஒரு பக்கம், போகும் காசு மறு பக்கம், மாத முடிவில் கையில் இருக்கும் மீதி. யாரோ ஒரு வியாபாரியின் கடைக்கு நாங்கள் கோடு போட்டு, திகதி எழுதி, ஒரு சதம் பிசகாமல் மீதி எடுத்தோம். எங்கள் ஆசிரியை கொப்பிகளைத் திருத்தித் தந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "முன்பின் தெரியாத ஆளுடைய காசேட்டை இவ்வளவு வடிவாக எழுதுகிறீர்கள். போன மாதம் உங்கள் வீட்டில் எவ்வளவு செலவானது என்று யாருக்காவது தெரியுமா?"

வகுப்பில் ஒருவரும் கை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை.

அன்றிரவு ஒரு எண்பது பக்கக் கொப்பியை எடுத்து, "எங்கள் வீட்டுக் காசேடு, ஜனவரி 2025" என்று எழுதினேன். மூன்று மாதங்கள் விடாமல் எழுதினேன். வீட்டில் காசை மிச்சம் பிடிப்பது எப்படி என்று அறியத்தான் தொடங்கினேன். அதை ஓரளவு அறிந்தும் கொண்டேன். ஆனால் அந்தக் கொப்பி வேறொன்றையும் காட்டியது. எங்கள் ஊரில் சிக்கனம் என்று நாம் புகழ்வதில் பெரும்பகுதி சிக்கனமே அல்ல. அது உம்மா தனக்கு வேண்டியதைச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுப்பது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

விலை இறங்கியதா?

காத்தான்குடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள நெருக்கமான தெரு ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. வாப்பா ஓட்டோ ஓட்டுகிறார். உம்மா வீட்டில் அபாயா தைக்கிறார். நானும் தம்பியும் படிக்கிறோம். எங்களைப் போன்ற குடும்பங்கள் 2022ஆம் ஆண்டை மறக்கமாட்டா. அப்பொழுது நான் தரம் 10இல் இருந்தேன். அந்த ஆண்டு ஏப்ரலில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டரின் விலை 4,860 ரூபாயானது. ஜூனில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான் தொடக்கத்தில் கிடைத்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாயாக உயர்ந்தது. இயந்திரப் படகில் கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு அது எப்படிப்பட்ட அடி என்பதை மீன் விலையில் நாமும் உணர்ந்தோம்.

"இப்ப பணவீக்கம் குறைஞ்சிட்டாம், பிறகேன் சாமான் விலை குறையல்ல?" என்று பலரும் கேட்கிறார்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுக்கு மட்டும் எடுத்தால் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருடத்துக்கு முன் 1,000 ரூபாய்க்கு வாங்கிய உணவுச் சாமான்களுக்கு ஏறத்தாழ 1,950 ரூபாய் தேவைப்பட்டது. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியது. அதனால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடவில்லை. ஏறிய உயரத்தில் நின்றுகொண்டு மெதுவாக ஏறத் தொடங்கின, அவ்வளவுதான். வாப்பாவின் வருமானமோ இரண்டு மடங்காகவில்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் தினமும் போராட்டம் நடக்கிறது.

எங்களுக்குக் கைகொடுத்தவை

முதலில் கரண்ட் பில். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. அதன் பிறகு கூட்டியும் குறைத்தும் இருக்கிறார்கள். ஆனால் வீடுகளுக்கான கட்டண முறையில் ஒரு விடயத்தை எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். மாதத்துக்கு 60 அலகுகளைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 அலகுகளுக்கும் கூடிய விலை வருகிறது, நிலையான கட்டணமும் கூடுகிறது. எனவே 58க்கும் 63க்கும் இடையில் இருப்பது வெறும் 5 அலகு வித்தியாசமல்ல.

எங்கள் ஜனவரி மாதப் பில்லில் 73 அலகுகள் இருந்தன. எங்கே போகிறது என்று தேடினேன். குசினியிலும் கிணற்றடியிலும் 60 வோற்று பழைய மின்குமிழ்கள் இரண்டு எரிந்துகொண்டிருந்தன. ஒரு குமிழ் நாளுக்கு 5 மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகுகள். அதே நேரம் 9 வோற்று எல்ஈடி குமிழ் எரிந்தால் 1.35 அலகுகள்தான். இரண்டையும் மாற்றியதில் மாதத்துக்கு 15 அலகுகள் குறைந்தன. பெப்ரவரிப் பில்லில் 58 என்று வந்தது. குமிழ்களுக்குக் கொடுத்த காசு விரைவிலேயே திரும்பிவிடும் என்பது கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. பாடசாலை உடுப்பை ஒவ்வொரு நாள் காலையிலும் மின்னழுத்தியைச் சூடாக்கி அழுத்துவதை விட்டு, ஐந்து நாள் உடுப்பையும் சனிக்கிழமை ஒன்றாக அழுத்துகிறேன்.

இரண்டாவது, கடைக்குப் போகும் முறை. முன்பு தம்பி நாளுக்கு மூன்று முறை மூலைக் கடைக்கு ஓடுவான். நூறு கிராம் சீனி, ஒரு பக்கற் தேயிலை, கூடவே தனக்கு ஒரு ரொபி. இப்பொழுது கிழமைக்கு ஒரு பட்டியல். பட்டியலில் இல்லாததை வாங்குவதென்றால் அடுத்த கிழமைக்கு எழுதிவைக்க வேண்டும். அடுத்த கிழமை வரும்போது பாதிச் சாமான் தேவையில்லாமல் போய்விடுகிறது.

மூன்றாவது, சாப்பாடு. பெரிய மீனில் சில துண்டுகள் வாங்கும் காசுக்கு நெத்தலியோ சூடையோ நிறைய வாங்கலாம். சின்ன மீனை முள்ளோடு சாப்பிடும்போது கல்சியமும் கிடைக்கிறது. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிய 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பிழிந்த பூவை எறியாமல் சம்பலுக்கும் வறைக்கும் சேர்த்தோம். எங்கள் வளவில் தோட்டம் செய்ய இடமில்லை. காத்தான்குடியில் பல வீடுகளின் நிலை அதுதான். ஆனால் மதில் ஓரத்தில் நான்கு பழைய அரிசிப் பைகளில் மண் நிரப்பிப் பச்சைக் கொச்சிக்காயும் வெண்டியும் பொன்னாங்காணியும் நட்டோம். அரிசி கழுவும் தண்ணீர் அவற்றுக்குத்தான் போகிறது. மூலையில் நிற்கும் முருங்கை, நான் பிறப்பதற்கு முன்பே உம்மம்மா நட்டது.

நான்காவது, என்னுடையதே. கொப்பியில் ஆளுக்கொரு நிரல் போட்டபோது என் நிரலில் 7,400 ரூபாய் வந்தது. அதில் 5,500 ரூபாய் ரியூசன். மீதி டேட்டா காட், கன்டீன் றோல்ஸ், ஒருமுறை தேவையில்லாமல் வாங்கிய நிறப் பேனைகள். ஒரே பாடத்துக்கு இரண்டு இடத்தில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். தோழி போகிறாள் என்பதைத் தவிர இரண்டாவது வகுப்புக்கு வேறு காரணம் இருக்கவில்லை. அதை நிறுத்தினேன். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து கடந்தகால வினாத்தாள்களை ஒரு பிரதி எடுத்து மாறி மாறிச் செய்கிறோம்.

ஐந்தாவது, நோன்பு மாதம். பசியை உணர வேண்டிய மாதத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுச் செலவு குறையவில்லை, கூடியது. பெப்ரவரியில் 31,400 ரூபாய், நோன்பு வந்த மார்ச்சில் 38,900 ரூபாய். பள்ளிவாசலில் கஞ்சி கிடைக்கிறது. ஆனாலும் இப்தாருக்கு கட்லட், சமோசா, றோல்ஸ், இரண்டு வகைச் சர்பத் என்று மேசை நிரம்ப வேண்டியிருக்கிறது. மஃரிபுக்குப் பிறகு பாதி மீந்து கிடக்கும். மார்க்கம் வீண்விரயத்தையும் கண்டிக்கிறது, கஞ்சத்தனத்தையும் கண்டிக்கிறது. நடுவில் நிற்கச் சொல்கிறது. நாம் வருடத்தில் பதினொரு மாதம் ஒரு பக்கத்திலும் நோன்பு மாதத்தில் மறு பக்கத்திலும் நிற்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

இவை எல்லாம் சேர்ந்து நோன்பல்லாத ஒரு மாதத்தில் ஏறத்தாழ 6,000 ரூபாய் மிச்சம் தரும் என்று கணக்கிட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

வெறுமையாக இருந்த நிரல்

ஜனவரி முடிவில் நிரல்களைக் கூட்டினேன். வாப்பாவின் தேநீர், கைபேசி, சிகை வெட்டு எல்லாம் சேர்ந்து 6,200. என்னுடையது 7,400. தம்பிக்கு 3,950. உம்மாவின் நிரலில் ஒரே ஒரு பதிவு இருந்தது: பனடோல் இரண்டு காட், 140 ரூபாய்.

நான் எதையோ எழுத மறந்துவிட்டேன் என்று நினைத்து உம்மாவிடம் கேட்டேன். உம்மா சிரித்தார்.

"எனக்கு என்னத்துக்கு புள்ள ஒரு நிரல்? நான் என்ன செலவழிக்கிற?"

எனக்கு அப்பொழுது அது உம்மாவின் நல்ல குணமாகவே பட்டது. "உம்மாவைப் போல் எல்லோரும் இருந்தால் எவ்வளவு மிச்சம்" என்று கொப்பியின் ஓரத்தில் எழுதியும் வைத்தேன். அந்த வரியை இப்பொழுது பார்க்க வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி நடுப்பகுதியில் உம்மா ஓர் அபாயாத் துணியை வெட்டினார். விலைகூடிய துணி, ஒருவர் கல்யாணத்துக்கென்று தந்தது. அளவு அடையாளத்தைத் தவறாகப் பார்த்து, ஒரு கையை மூன்று அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார். துணிக்கு 4,800 ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. தையற்கூலியும் போனது. அவர்கள் வழமையாகத் தரும் பெருநாள் தையலும் அந்த முறை வரவில்லை.

உம்மாவின் கண்ணாடியில் ஒரு கால் உடைந்து நூலால் கட்டப்பட்டிருப்பதை நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கண்ணைப் பரிசோதித்து நான்கு வருடம் ஆகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. 2022இல் "இந்த மாசம் ஏலா, அடுத்த மாசம் பார்ப்பம்" என்று தள்ளிய செலவு அது. அடுத்த மாதம் வரவேயில்லை. கேஸ் வந்தது, ரியூசன் வந்தது, தம்பியின் சப்பாத்து வந்தது. புதிய கண்ணாடிக்கு 7,500 ரூபாய் ஆனது. நான்கு வருடமாக "மிச்சம் பிடித்த" அந்தக் காசில் பெரும்பகுதி ஒரே வெட்டில் போய்விட்டது. இழந்த பெருநாள் தையலையும் சேர்த்தால் நாங்கள் நட்டத்தில்தான் நிற்கிறோம். நூலால் கட்டிய கண்ணாடியோடு உம்மா இரவில் தைத்த நேரங்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கொப்பி எனக்குத் தந்த முதற்பாடம் இதுதான். ஒரு செலவைக் குறைப்பது வேறு, தள்ளிப்போடுவது வேறு. மின்குமிழை மாற்றினால் அதே வெளிச்சம் குறைந்த காசுக்குக் கிடைக்கிறது. அது சிக்கனம். கண்ணாடியை மாற்றாமல் விட்டால் செலவு எங்கும் போவதில்லை. உம்மாவின் உடம்பில் கடனாக ஏறி, பிறகு வட்டியோடு வருகிறது.

இதே கண்ணோடு மற்றவற்றையும் பார்த்தேன். 2022இல் கேஸ் கிடைக்காதபோது மட்டையும் சிரட்டையும் எரித்தோம். கேஸ் வந்த பிறகும் காசு மிச்சம் என்பதால் மதியச் சோறு விறகடுப்பில்தான் ஆகிறது. விறகு போன்ற எரிபொருட்களின் புகை வீட்டுக்குள் சேர்வதால் 2020இல் உலகம் முழுவதும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்தப் புகைக்குள் அதிக நேரம் நிற்பவர்கள் பெண்களும் சின்னப் பிள்ளைகளும். கேஸ் மிச்சம் என்று நாம் எழுதும் பதிவின் மறுபக்கத்தில் உம்மாவின் இருமல் இருக்கிறது. விறகடுப்பை விட முடியாத வீடுகள் உண்டு, எங்களுடையதும் அதில் ஒன்று. நாங்கள் செய்தது அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றியது. பாதிச் சீமெந்துப் பையும் பழைய தகரமும் போதுமாக இருந்தன. அதை வாப்பா ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் செய்து முடித்தார். செய்யச் சொல்லி இவ்வளவு காலமும் யாரும் கேட்கவில்லை, அதுதான் உண்மை.

கணக்குப் பார்த்தால் பரக்கத் போகுமா?

என் கொப்பியை உம்மம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வீட்டுச் செலவ எண்ணி எண்ணிப் பார்த்தா பரக்கத் போயிடும் மகள்" என்றார். உம்மம்மாவைப் போல நினைப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணாமல் ஸகாத் கொடுக்க முடியாது. அல்குர்ஆனின் மிக நீளமான வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கும்படி கூறும் வசனம்தான். எழுதுவது அன்பைக் குறைப்பதில்லை. யார் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதை மறைக்காமல் காட்டுகிறது.

இதைச் சொன்னதும் உம்மம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் காலத்துச் சேமிப்பைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு நேரமும் உலையில் போட எடுத்த அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப முட்டியில் போடுவாராம். மாதக் கடைசியில் அந்தப் பிடியரிசி சில நாள் சோற்றுக்கு உதவுமாம். அது எல்லோருடைய சோற்றிலிருந்தும் எடுத்த பிடி. ஒரு ஆளுடைய தட்டிலிருந்து எடுத்ததல்ல. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இன்று அந்த இடத்தில் சீட்டு இருக்கிறது. உம்மா சேர்ந்திருக்கும் சீட்டில் 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000. முறை வரும்போது ஒரு இலட்சம் கையில் கிடைக்கும். வட்டி இல்லை, படிவம் இல்லை, நம்பிக்கை மட்டும்தான் பிணை. நம்பிக்கை உடைந்தால் கேட்க ஆளில்லை என்பதால், தெரிந்தவர்களோடு சிறிய தொகையில் போடுவதே நல்லது. ஆனால் சீட்டுக் காசு கட்டுவதற்காகக் கிழமைக்குக் கிழமை கட்டும் குழுக் கடனை எடுக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்தக் கடன்கள் பெண்களை எவ்வளவு நெருக்கின என்றால், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை 2018இல் அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது. கடன் வாங்கிச் சேமிப்பது சேமிப்பல்ல.

என் பெயரில் உள்ள செலவு

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். வாப்பாவிடம் கேட்டேன். "உண்மையத்தானே எழுதுற, எழுது" என்றார்.

உம்மாவின் சீட்டுக் காசு எங்கே போகிறது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் கூரையில்லாத நான்கு சுவர்கள் நிற்கின்றன. அவை எனக்குரியவை. 2019இல் அத்திவாரம் போட்டார்கள். 2021இல் சுவர் எழும்பியது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயை ஒட்டியிருந்த ஒரு பை சீமெந்து 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. வேலை நின்றது. இப்பொழுது உள்ளே நாயுருவியும் புல்லும் முளைத்திருக்கின்றன.

மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கொடுக்க வேண்டும் என்பது மட்டக்களப்புப் பகுதியில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் உள்ள பழைய வழக்கம். தாய்வழிக் குடி முறையோடு வந்தது. அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே போன்றவர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். இதில் ஒரு நன்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் பெண்கள் சொந்த வீட்டில், உம்மாவுக்கும் ராத்தாமாருக்கும் பக்கத்தில் வாழ்கிறார்கள். "என் வீட்டை விட்டுப் போ" என்று அவர்களிடம் ஒருவரும் சொல்ல முடியாது. பல ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பலம் இல்லை.

ஆனால் அன்பாகக் கொடுக்கும் சொத்து வேறு, கொடுக்காவிட்டால் கல்யாணமே இல்லை என்ற விலை வேறு. மார்க்கம் மணமகனைத்தான் மஹர் கொடுக்கச் சொல்கிறது. நடைமுறையில் மஹர் ஒரு சிறு தொகையாக இருக்க, பெண் வீட்டார் வீட்டையும் கொடுத்து அதற்கு மேல் கைக்கூலியும் கொடுக்கிறார்கள்.

மேசன் பார்த்துவிட்டு, இன்னும் பதினைந்து இலட்சம் வேண்டும் என்றார். நான் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். குமிழை மாற்றி, கடைப் பட்டியல் எழுதி, ரியூசனை நிறுத்தி நாங்கள் மிச்சம் பிடிக்கும் 6,000 ரூபாயை மாதந்தோறும் அந்த வீட்டிலேயே போட்டால், வீடு முடிய 250 மாதங்கள் ஆகும். இருபது வருடம் பத்து மாதம். அப்பொழுது எனக்கு 38 வயது.

அந்த எண்ணைப் பார்த்தபோதுதான் உம்மாவின் நிரல் ஏன் வெறுமையாக இருந்தது என்று விளங்கியது. உம்மா மிச்சம் பிடித்தது குசினிக்காக அல்ல. எனக்காக. எங்கள் ஊரில் எத்தனையோ உம்மாமார் வெளிநாட்டு வீடுகளில் வேலைக்குப் போனதும் இப்படியொரு சுவரை எழுப்பத்தான்.

வாப்பாவிடம் சொன்னேன்: "எனக்கு இவ்வளவு பெரிய வீடு வேணாம் வாப்பா. எழும்பின சுவரோட ரெண்டு அறைய மட்டும் முடிப்பம். கடன் எடுக்க வேணாம். நான் படிச்சு வேலைக்குப் போனா மிச்சத்த நானும் சேர்ந்து கட்டுவன்."

வாப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஊரு என்ன சொல்லும் மகள், வாற மாப்பிள்ளை வீட்டார் என்ன கேப்பாங்க" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஒரு வீடு தனியாக மாற்றக்கூடிய விடயமல்ல இது. மகளுக்காகப் பட்டினி கிடக்கும் அதே உம்மா, மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது "வீடு எத்தனை மாடி" என்று கேட்காமல் இருந்தாலே பாதிச் சுமை இறங்கும். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் நாம்தானே.

மூன்று வேண்டுகோள்கள்

பெற்றோரிடம் ஒன்று. மாதத்தில் ஒருநாள், இஷாத் தொழுகைக்குப் பிறகு, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைப் பாருங்கள். வருமானத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் மரியாதை குறையும் என்று நினைக்க வேண்டாம். வாப்பா ஒரு நாளைக்கு எவ்வளவு உழைக்கிறார் என்று தெரிந்த பிறகு தம்பி ரொபி கேட்பது தானாகக் குறைந்தது.

உம்மாமாரிடம் ஒன்று. உங்கள் நிரலை முதலில் எழுதுங்கள். கண்ணாடி, பல், இரத்தப் பரிசோதனை, ஒரு நல்ல செருப்பு. இவை மீந்த காசில் செய்யும் செலவுகள் அல்ல. நீங்கள் விழுந்தால் அந்த வீட்டின் எல்லா நிரல்களும் விழும்.

என் தோழிகளிடம் ஒன்று. நாம் பரீட்சைக்காகப் படிக்கும் காசேட்டை நம் வீட்டுக்கு எழுதுவோம். ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும். அதில் உங்கள் நிரலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு உம்மாவின் நிரலைப் பாருங்கள். அது வெறுமையாக இருந்தால், உங்கள் வீடு மிச்சம் பிடிக்கிறது என்று மகிழ வேண்டாம். நான் அந்தப் பிழையைச் செய்தேன்.

மார்ச் மாதக் காசேட்டில் உம்மாவின் நிரலில் இரண்டு பதிவுகள் இருக்கின்றன: செருப்பு ஒரு சோடி, பல் வைத்தியம். அந்த மாதம் எங்கள் மீதி முன்னையதைவிடக் குறைவு. கொப்பியைக் காட்டியபோது உம்மா அந்த நிரலைத்தான் முதலில் பார்த்தார். "கூடிப்போச்சு என்ன?" என்று கேட்டார். இல்லை என்றேன்.